டைரக்டர் மீனின் வால்

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் யாருக்கு என்ன பதவி என்று அறிய, கதவில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டியதில்லை. சனிக்கிழமை மதியம் வாசலில் நின்று, யார் பையில் எந்த அளவு மீன் போகிறது என்று பார்த்தால் போதும்.

சந்தைக்குப் போகிற மீன்களில் பாதரசம் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வதுதான் கூடத்தின் வேலை. துறைமுகத்திலிருந்து சனிக்கிழமை காலை ஐஸ் பெட்டியில் மீன்கள் வந்து இறங்கும். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நுனி அளவு சதை எடுத்தால் இயந்திரத்துக்குப் போதும். மிச்ச மீனைக் குப்பையில் கொட்ட யாருக்கு மனசு வரும்? அதனால் பங்கு. விரல் நீள மீன்கள் வாட்ச்மேனுக்கு. உள்ளங்கை அளவு மீன்கள் ஆய்வாளர்களுக்கு. முழங்கை நீள மீன் நிர்வாக அதிகாரிக்கு. பெட்டியின் நடுவில், மற்ற மீன்களுக்குத் தலைமை தாங்குவதுபோலக் கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருக்கும் பெரிய மீன், டைரக்டருக்கு.

அந்தப் பெரிய மீனை மட்டும் யாரும் வெட்டிச் சோதித்ததில்லை. வயிற்றில் ஓட்டை விழுந்த மீனை டைரக்டர் வீட்டுக்கு எப்படி அனுப்புவது? டைரக்டரும் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். "சின்ன மீன்ல பாத்தாச்சு, சுத்தமா இருக்கு. பெருசும் அதே தண்ணியிலதானே நீஞ்சுது? பின்ன எதுக்குய்யா அதுல வேற கத்தியை வைக்கறீங்க?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கேட்டவர் டைரக்டராக இருந்ததால் இன்னும் நியாயமாக இருந்தது.

அங்கே ஆய்வாளராக இருந்தான் நம்ம சின்ன மாப்பிள்ளை. ஆபீசில் எல்லோருக்கும் அவன் 'சார்'. ஆனால் அவன் மனசுக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தது வீட்டுப் பதவிதான். மனைவிக்கு ஓர் அக்கா உண்டு. அக்காவின் கணவர் பெரிய மாப்பிள்ளை. செருப்புக் கடை வைத்திருக்கிறார். கடை பெரிது, கார் பெரிது, குரல் அதைவிடப் பெரிது. மாமியார் இருப்பது சின்ன மகள் வீட்டில், சோறு சாப்பிடுவது சின்ன மாப்பிள்ளை சம்பளத்தில். புகழ் பாடுவது மட்டும் பெரிய மாப்பிள்ளையை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் உள்ளங்கை மீனோடு வீடு திரும்புவான். மாமியார் பையைத் திறந்து எட்டிப் பார்ப்பார். பிறகு பெருமூச்சு விடுவார்.

"மாப்பிள்ளை, உங்க ஆபீசுக்கு இந்த சைஸ்லதான் மீனே வருமா?"

"பெருசும் வரும் அத்தை. அது டைரக்டருக்கு."

"ஓஹோ. கடல்லயும் நமக்கு இவ்வளவுதான் குடுத்து வச்சிருக்கு."

இப்போது அவன் மனைவிக்கு ஐந்தாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்ல பெரிய மீனாகப் போட்டால்தான் பிள்ளை மூளையோடு பிறக்கும் என்று மாமியார் எங்கேயோ கேட்டு வைத்திருந்தார். சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல அதைத் தினமும் சொன்னார். சுவர் பதில் சொல்லாது. மாப்பிள்ளையும் சொல்ல மாட்டான்.

அப்படியிருக்கையில்தான் டைரக்டர் ஏதோ மாநாட்டுக்காக வெளியூர் கிளம்பினார். போகும்போது சாவிக்கொத்தை அவன் கையில் வைத்து, "நான் வர்ற வரைக்கும் நீதான்யா பொறுப்பு. நாற்காலிக்கு உண்டானது எல்லாம் உனக்கு" என்றார்.

நாற்காலிக்கு உண்டானது என்றால் என்ன என்று அவனுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அன்றைக்கே வீட்டில் போய்ச் சொல்லியும் விட்டான். மாமியார் அதை மூத்த மகளுக்குச் சொல்ல, வருகிற சனிக்கிழமை எல்லோருக்கும் இங்கேதான் சாப்பாடு என்று முடிவாகிவிட்டது. மீன் இன்னும் கடலில் நீந்திக்கொண்டிருந்தது. அதற்குள் விருந்துக்கு ஆள் சேர்ந்தாயிற்று.

சனிக்கிழமை வந்தது. பெட்டியும் வந்தது. மீன் அவன் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது.

அதைத் தூக்கிவந்து மேஜைமேல் கிடத்தியவர் மிக்ஸி அக்கா. சோதனைக்காக மீன் சதையை மிக்சியில் அரைத்துக் கூழாக்குவது அவர் வேலை என்பதால் அந்தப் பெயர். அக்கா மீனையும் பார்த்தார், வாசலில் நின்ற அவன் ஸ்கூட்டரையும் பார்த்தார்.

"சார், இது உங்க வண்டியில உக்காராது. நீங்க வேணா நடந்து வாங்க, மீன் ஓட்டிட்டுப் போகட்டும்."

ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் குறுக்கே வைத்துப் பார்த்தார்கள். தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அப்படியே தெருவில் போனால் எதிரில் வருகிறவர்களை மீன் வாலால் அறைந்துகொண்டே போகும்.

"வாலை வெட்டிடலாமா சார்?"

அவன் தயங்கினான். பெரிய மீனில் கத்தி படுவதா? பிறகு, டைரக்டருக்கு கார் இருக்கிறது, அதனால் அவர் மீனுக்கு வால் இருக்கிறது, நமக்கு ஸ்கூட்டர்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டான். "வெட்டுங்க அக்கா."

வால் தனியாக வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு நல்ல சதையாக ஒரு துண்டும் வந்தது. அக்காவுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. "இன்னிக்கு மெஷின்ல ஒரு குழி காலியா இருக்கு சார். இதைப் போட்டு வைக்கட்டுமா?"

"போடுங்க, போடுங்க" என்றான் அவன், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. அவன் நினைப்பெல்லாம் மாமியாரின் முகம் எப்படி மாறப்போகிறது என்பதிலேயே இருந்தது.

மாறியது. கதவைத் திறந்த மாமியார், கோணிப்பைக்கு வெளியே தலை நீட்டிய மீனைப் பார்த்ததும் இரண்டு எட்டு பின்னால் போனார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து அவன் கேட்டிராத ஒரு குரலில், "வாங்க மாப்பிள்ளை, வாங்க! வெயில்ல அலைஞ்சு வந்திருக்கீங்க. ஃபேனுக்குக் கீழே உக்காருங்க" என்றார். ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலி பெரிய மாப்பிள்ளைக்கு என்றே ஒதுக்கப்பட்டது. பெரிய மாப்பிள்ளை அப்போதுதான் வந்து அதில் உட்கார்ந்திருந்தார். மாமியார் அவரை ஒரு பார்வை பார்த்தார். பெரிய மாப்பிள்ளை எழுந்தார்.

சின்ன மாப்பிள்ளை உட்கார்ந்தான். ஃபேன் காற்று அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று அவனுக்கு இத்தனை நாள் தெரியாது.

"சகலை, கலக்கிட்டீங்க" என்றார் பெரிய மாப்பிள்ளை, கொஞ்சம் புளிப்பாக. "மீனா இது? படகுக்கே கண்ணு வச்ச மாதிரி இருக்கு."

மூத்தவள் சமையலறைக்குள் போய், வழக்கம்போல ஓர் உப்பிய பையை அம்மாவிடம் நீட்டினாள். "இந்தாம்மா, வீட்டுல சேர்ந்து போச்சு." உள்ளே இருந்தது எல்லாம் காலிப் பைகள். மாமியாருக்கு எந்தப் பையையும் தூக்கிப் போட மனசு வராது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பெரிய பை தொங்கும். அதற்குள் பைகள், அந்தப் பைகளுக்குள் பைகள். கதவு முழுசாகத் திறந்து பல காலம் ஆகிறது. வருகிறவர்கள் எல்லோரும் பக்கவாட்டில் ஒருக்களித்துத்தான் சமையலறைக்குள் நுழைவார்கள். மூத்தவள் கொண்டுவந்ததையும் மாமியார் பிரிக்காமல் அப்படியே அதற்குள் அமுக்கினார்.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. மிக்ஸி அக்கா.

"சார், அந்த வாலு..."

"அதை நீங்களே எடுத்துக்கோங்க அக்கா."

"ஐயோ, எனக்கு வேண்டாம் சார்! மெஷின்ல கோடு மேல ஏறுது, ஏறுது, நிக்கவே மாட்டேங்குது. இருக்கலாம்னு சொல்ற அளவைப்போல நாலு மடங்குக்கு மேல காட்டுது. மெஷின்தான் கிறுக்காயிடுச்சோன்னு கழுவித் துடைச்சு மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான்."

"சின்ன மீனெல்லாம்?"

"அதெல்லாம் எப்பவும் போல சமத்தா இருக்கு சார். இது ஒண்ணுதான் இப்படிப் பேயாட்டம் ஆடுது."

ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவனுக்கு மட்டும் காற்று வரவில்லை. உள்ளேயிருந்து கத்தியைத் தீட்டும் சத்தம் கேட்டது. மாமியாரின் குரலும் கேட்டது: "முதல் துண்டு பிள்ளைத்தாய்ச்சிக்கு. நல்லா நடுத்துண்டா போடறேன்டி, ஒண்ணையும் மிச்சம் வைக்காம சாப்பிடணும்."

பாதரசம் மற்றவர்களைக் கெடுப்பதைவிட வயிற்றுப் பிள்ளையின் மூளையைத்தான் அதிகம் கெடுக்கும். அதைச் சொல்வதற்குத்தான் அவனுக்குச் சம்பளமே தருகிறார்கள். அவன் எழுந்தான். இந்த நாற்காலியில் இனி ஒருநாளும் உட்காரப்போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒருக்களித்து சமையலறைக்குள் நுழைந்தான்.

"அத்தை, கத்தியைக் கீழே வைங்க."

"ஏன் மாப்பிள்ளை? நீங்களே வெட்டறீங்களா?"

"வெட்ட வேண்டாம். இதை யாரும் சாப்பிடக் கூடாது. பாதரசம் இருக்கு."

பெரிய மாப்பிள்ளை கதவிடுக்கில் தலையை நீட்டினார். "என்ன சகலை, மீன் தெர்மாமீட்டரை முழுங்கிடுச்சா?"

மாமியார் மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க, ரத்தச் சிவப்பா இருக்கு. கண்ணு எப்படிப் பளபளங்குது. இதைவிட நல்ல மீன் எங்கே கிடைக்கும்?"

"நல்ல மீன்தான் அத்தை. அதுல இருக்கறதுதான் நல்லதில்லை."

"அப்போ நல்லாக் கழுவறேன்."

"போகாது."

"உப்புப் போட்டுத் தேச்சு?"

"சதையோட சதையா ஊறிப் போயிருக்கும் அத்தை."

"ரெண்டு மடங்கு நேரம் கொதிக்க வைக்கறேன்."

"தண்ணிதான் சுண்டும். அது அப்படியே இருக்கும்."

மாமியார் கத்தியோடு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கறேன். போன வாரம் வரைக்கும் அதே கடல்லேருந்து அதே ஆபீஸ் வழியா மீன் கொண்டாந்தீங்க. அதுல ஒண்ணும் இல்லை. ஆளுங்களைக் கூப்பிட்டு இலை போடற நேரத்துல இதுல மட்டும் எப்படி வந்துச்சு? பெரிய மீனைக் குடுக்க மனசு வரலைன்னா நேராச் சொல்லிடுங்க."

அவன் வாயைத் திறந்தான். ஆபீஸ் பாஷையில் ஆரம்பித்தான். உணவுச் சங்கிலி என்றான், செறிவு என்றான், திசுக்களில் தேக்கம் என்றான். மாமியார் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். மனைவி, "என்னங்க, நமக்குப் புரியற மாதிரி..." என்று இழுத்தாள். பெரிய மாப்பிள்ளை, "சகலை, பசிக்குது" என்றார்.

அவன் தவித்துப்போய்ப் பின்னால் நகர்ந்தான். முதுகு எதிலோ மெத்தென்று முட்டியது. கதவு ஆணியில் தொங்கிய பை.

அடுத்து அவன் செய்த காரியத்தை அந்த வீட்டில் அதுவரை யாரும் செய்யத் துணிந்ததில்லை. பையை ஆணியிலிருந்து கழற்றி, தரையில் கவிழ்த்தான்.

"மாப்பிள்ளை!" என்று மாமியார் அலறினார். பைகள் சரிந்தன. உருண்டன. உப்பிய பை ஒன்றை அவன் பிரித்தான். உள்ளே நாலைந்து பைகள். அவற்றில் ஒன்றைப் பிரித்தான். உள்ளே இன்னும் சின்னப் பைகள். அடுப்படி வரைக்கும் பைகள் பரவின. மூத்தவள் காலைத் தூக்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறி நின்றாள்.

"அத்தை, இதெல்லாம் எப்படி வந்துச்சு?"

"ஒரே நாள்லயா வரும்? கொஞ்சம் கொஞ்சமா வந்ததுதான்."

"வந்தது ஏதாவது வெளியே போயிருக்கா?"

"எதுக்குப் போகணும்? நல்ல பை."

"அண்ணி, உங்க வீட்டுல சேர்ந்தது?"

"அம்மாகிட்டதான் குடுப்பேன்" என்றாள் மூத்தவள் ஸ்டூல்மேலிருந்து.

"இந்த வீட்டுல சேர்றதும் இதுக்குள்ளதான்" என்றாள் மனைவி. அவளுக்குப் புரிய ஆரம்பித்திருந்தது.

"இப்படித்தான் அத்தை. தண்ணியில இருக்கற பாதரசம் ரொம்பக் கொஞ்சம். கண்ணுக்கே தெரியாத பாசி அதை உறிஞ்சிக்கும். அது இந்தச் சின்னப் பை. பாசியைப் பூச்சி திங்கும், பூச்சியை விரல் மீன் திங்கும். தின்ன சாப்பாடு செரிச்சுப் போயிடும். பாதரசம் மட்டும் உள்ளேயே தங்கிடும், லேசுல வெளியே போகாது. அந்த மாதிரி ஏகப்பட்ட விரல் மீனை உள்ளங்கை மீன் திங்குது. ஏகப்பட்ட உள்ளங்கை மீனை இந்தப் பெருசு திங்குது. அதுவும் வருஷக்கணக்கா. அத்தனை பேர் சேத்து வச்சதும் பையோட பையா இதுக்குள்ள வந்துடும். தண்ணி ஒண்ணுதான் அத்தை. சேத்து வச்ச அளவுதான் வேற."

சொல்லும்போதே, டைரக்டரின் விளக்கத்தில் எங்கே ஓட்டை என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. இத்தனை காலம் சின்ன மீனை மட்டும் சோதித்து, பெரிய மீனுக்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்! அவனும்தான் கொடுத்திருக்கிறான்.

பெரிய மாப்பிள்ளை குனிந்து பைகளைப் புரட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, பாதிக்கு மேல நம்ம கடைப் பை!"

"ஆமா சகலை. கிளம்பற இடம் ஒண்ணு, போய்ச் சேர்ற இடம் ஒண்ணு. கடல்லயும் அப்படித்தான். எங்கேயோ நிலக்கரியை எரிக்கறான், அந்தப் புகையில இருக்கற பாதரசம் மழையோட கடல்ல இறங்குது."

பெரிய மாப்பிள்ளையின் முகம் வாடியது.

மாமியார் பைக்குவியலைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். மறுபடி பைக்குவியலைப் பார்த்தார்.

"அப்போ, இந்த மீனு நானா?"

சின்ன மாப்பிள்ளை மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்படியில்லை அத்தை... வயசும் அனுபவமும் உள்ள ஒரு மீன்..."

"நேராச் சொல்லுங்க மாப்பிள்ளை."

"ஆமா அத்தை."

மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டாள். மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு மகளின் வயிற்றைப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"என் கையாலேயே போடறதுக்கு இருந்தேனே" என்றார், யாரிடமும் இல்லாமல். அடுத்த நொடி பழைய குரல் திரும்பிவிட்டது. "நிக்கறீங்களே, இதைத் தூக்கிட்டுப் போங்க! வெளியே பூனை காத்துக்கிட்டு இருக்கு, அதுக்காவது போடலாமா?"

"வேண்டாம் அத்தை. அப்புறம் பூனை இதைவிடப் பெரிய பையாயிடும்."

ஜன்னலில் உட்கார்ந்திருந்த பூனை அவனைப் பார்த்த பார்வையை அவன் வெகுநாள் மறக்கவில்லை.

மீன் திரும்பக் கோணிக்குள் போனது. ஃபிரிட்ஜில் போன வாரத்து உள்ளங்கை மீன்கள் கொஞ்சம் உறைந்து கிடந்தன. அன்றைக்கு விருந்து அதுதான். அந்த வாரத்து மீன்களைச் சோதித்த தாள் பையில் இருக்கிறதா என்று பெரிய மாப்பிள்ளை கேட்டார். இருந்தது. அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

கை கழுவும்போது டைரக்டர் போனில் கூப்பிட்டார். "என்னய்யா, மீன் எப்படி? வீட்டுல எல்லாருக்கும் குஷிதானே?"

"சார், அதுல பாதரசம் எக்கச்சக்கம் சார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வாலை வெட்டினோம் சார்."

"வெட்டினியா?" அவன் யாரையோ குத்திவிட்டு வந்து சொன்னதுபோல அவர் குரல் நடுங்கியது. பிறகு நடுக்கத்தின் காரணம் மாறியது. "ஏய்யா... நான் எவ்வளவு காலமா அதைச் சாப்பிடறேன்?"

"அதான் சார் எனக்கும் கவலை. வந்ததும் கொஞ்சம் முடி குடுங்க. பாதரசம் முடியில தெரியும். நம்ம மெஷின்லயே பாத்துடலாம்."

டைரக்டர் தலையிலிருந்து முடி விடைபெற்றுப் பல வருஷம் ஆகிறது. இருப்பது மீசை ஒன்றுதான். அதற்கு எண்ணெய் தடவி முறுக்க அவர் தினமும் கண்ணாடி முன்னால் நிற்பார் என்பது ஊரறிந்த விஷயம்.

"எந்த முடியைய்யா?" என்றார், பதில் தெரிந்தவரின் குரலில்.

அவர் திரும்பி வந்த அன்று கூடத்தில் எல்லோருடைய முடியும் இயந்திரத்துக்குப் போனது. டைரக்டர் கண்ணை இறுக மூடிக்கொள்ள, மிக்ஸி அக்கா கத்தரிக்கோலால் மீசையின் வலது நுனியை எடுத்தார். "இடது பக்கமும் கொஞ்சம் எடுத்துடட்டுமா சார், சமமா இருக்கும்?" "தொடாதே!" என்றார் டைரக்டர்.

முடிவு வந்தபோது யாரும் சிரிக்கத் துணியவில்லை. பதவி உயர்வுப் பட்டியலை இயந்திரமே போட்டுக் கொடுத்ததுபோல இருந்தது. உச்சியில் டைரக்டர். அடுத்து நிர்வாக அதிகாரி. அப்புறம் ஆய்வாளர்கள். எல்லோருக்கும் அடியில், குழந்தைபோலச் சுத்தமாக, விரல் மீன் தின்ற வாட்ச்மேன். பெரிய மீனை நிறுத்தினால் அளவு மெல்ல இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்னபிறகுதான் டைரக்டருக்கு மூச்சு சீரானது. அன்றே உத்தரவும் போட்டார்: இனி பெட்டியில் முதல் கத்தி பெரிய மீனுக்கு, சந்தைக்குப் போகும் சான்றிதழில் ஒவ்வொரு அளவு மீனுக்கும் தனித்தனி முடிவு.

எல்லோரும் கிளம்பிய பிறகு, சின்ன மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தான். உள்ளே அவன் மனைவியின் முடி, ஒரு கற்றை. அதை இயந்திரத்தில் வைத்தான். உள்ளங்கை மீன்தான், சனிக்கிழமை மட்டும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கோடு கிளம்பியது. கொஞ்சம் ஏறியது. நின்றது. எல்லைக்கு வெகு கீழே, சமத்தாக.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டான். எடுத்தவர் மாமியார்.

"அத்தை, அவளுக்கு ஒண்ணும் இல்லை. நல்லா இருக்கா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "நீங்க பாத்துச் சொன்னா சரிதான் மாப்பிள்ளை. சீக்கிரம் வாங்க. நாற்காலி காலியாத்தான் இருக்கு."

அடுத்த சனிக்கிழமை பங்கு பிரிக்கும்போதுதான் புதுச் சிக்கல் தெரிந்தது. பெரிய மீன் யாருக்கும் கிடையாது. விரல் மீன்தான் எல்லாவற்றிலும் சுத்தம். சுத்தமான மீன் யாருக்கு? பதவியில் பெரியவருக்குத்தானே? டைரக்டர் ஒரு பக்கம் குட்டையான மீசையோடு வந்து விரல் மீன்களை முக்கால்வாசி அள்ளிக்கொண்டார். மிச்சத்தைப் பொறுப்பான வேலை செய்ததற்காகச் சின்ன மாப்பிள்ளை கையில் வைத்தார். வாட்ச்மேன் உள்ளங்கை மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் ஒழுங்காச் சாப்பிட்டதுக்கு எனக்கு இதுதான் தண்டனையா?" என்று முனகிக்கொண்டே வாசல் கேட்டைச் சாத்தப் போனார்.

அவன் ஸ்கூட்டரை கேட்டருகே நிறுத்தி, தன் பங்கில் பாதியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, மீதியோடு வீட்டுக்குப் போனான். மாமியார் வாசலில் பக்கத்து வீட்டு அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தார். உள்ளே சமையலறைக் கதவு சுவர்வரைக்கும் அகலத் திறந்து கிடந்தது; பின்னால் ஆணி மட்டும் இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் அவன் கைப்பையை எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, போன தடவை ஆளுயர மீன் கொண்டாந்தாரு. இப்போ விரல் விரலா இருக்கே. வேலையில இறக்கிட்டாங்களா?"

மாமியார் பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு விஷயமே தெரியாதா? பெரிய மீனை யாரு வேணா திங்கலாம். எங்க மாப்பிள்ளை ஆபீஸ்ல இந்தப் பொடி மீனு டைரக்டருக்கும் இவருக்கும் மட்டும்தான்!"